விட்டுப்போன படங்களில் எவற்றைத் திரையரங்கில் பார்ப்பது, எவற்றை வீட்டில் பார்ப்பது?

செந்தூல் வாசகி, கோலாலம்பூர்:

அனைவருக்கும் வணக்கம்.

என் தந்தையாருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்ததால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக நானும் அம்மாவும் திரையரங்கின் பக்கமே போகவில்லை. சென்ற சித்திரையில் அப்பா காலமானார். காரியங்களெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, ஒரு நாள் மாலை அம்மா தாமாகவே, "படத்துக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டதே" என்றார்.

எங்கள் வீட்டில் படம் பார்ப்பது முழுக்க அப்பாவின் ஏற்பாடு. தீபாவளிப் படத்தையும் பொங்கல் படத்தையும் முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்பார். பார்த்த படங்களின் நுழைவுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அண்மையில் அதைத் திறந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வண்ணத்தாள் சீட்டுகளில் இருக்கை எண்கூட இன்னும் தெரிகிறது. பின்னாளில் இயந்திரத்தில் அச்சிட்டுக் கொடுத்த வழுவழுப்பான சீட்டுகளோ எழுத்தெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைத் தாள்களாக இருந்தன. எந்தச் சீட்டு எந்தப் படத்துக்கு உரியது என்று சொல்லக்கூடியவர் அப்பா ஒருவர்தான்.

நாங்கள் தவறவிட்டவை பல. 'மகாராஜா', 'மெய்யழகன்', 'அமரன்', 'கொட்டுக்காளி', 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்று உறவினர்கள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி வந்தேன். இப்போது தாளின் பின்பக்கமும் நிரம்பிவிட்டது. சரி, புதிய படத்திலிருந்தாவது தொடங்குவோம் என்று, போன மாதம் எல்லோரும் பாராட்டிய ஒரு படத்துக்கு, அது வெளியான இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு பேரங்காடியின் திரையரங்குக்குப் போனேன். முந்தைய வாரம் மாலை ஐந்து மணிக்கு இருந்த காட்சியை எடுத்துவிட்டு, இரவு பதினொன்றரை மணிக்கு ஒரே ஒரு காட்சியை மட்டும் வைத்திருந்தார்கள். அம்மா படிக்கட்டுகளில் சிரமப்பட்டு ஏறி வந்தவர். ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கி வந்தார். அந்த மௌனம் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

தவறவிட்டவற்றுள் எவற்றை வீட்டுத் திரையில் பார்த்தாலே போதும், இனி வருகின்றவற்றுள் எவற்றுக்குக் கட்டாயம் அரங்குக்குப் போக வேண்டும், இப்படி ஏமாந்து திரும்பாமலிருக்க எந்த நாளில் போக வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். அம்மாவுக்கு வயது 72. இடது காது சற்று மந்தம்.

திரையரங்கில் முன்பு பணிபுரிந்தவர், பெட்டாலிங் ஜெயா:

வணக்கம் சகோதரி. தங்கள் தந்தையார் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

நான் பல ஆண்டுகள் அரங்கு ஒன்றில் வேலை செய்தவன். முதலில் நுழைவுச்சீட்டு முகப்பில், பிறகு காட்சி நேரங்களை ஒழுங்குபடுத்தும் பிரிவில். தங்களுக்கு நேர்ந்தது நாள்தோறும் பலருக்கு நேர்வதுதான். இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் பின்னர் ஏமாற வேண்டியதில்லை.

நம் நாட்டில் அரங்குகளின் வாரம் வியாழக்கிழமை தொடங்கிப் புதன்கிழமை முடிகிறது. ஒரு தமிழ்ப் படம் வந்ததும் முதல் நான்கு நாள்களுக்குக் காட்சிகளைத் தாராளமாகக் கொடுப்பார்கள். ஞாயிறு இரவு கணக்கைப் பார்த்தால், எந்தக் காட்சிக்கு எத்தனை இருக்கை நிரம்பியது என்பது தெரிந்துவிடும். அடுத்த வியாழக்கிழமை இன்னொரு தமிழ்ப் படமோ, தெலுங்கு, மலையாளப் படங்களோ, பெரிய ஆங்கிலப் படமோ வரிசையில் நிற்கும். அவற்றுக்கு இடம் விட வேண்டுமென்றால் பழைய படத்தின் மாலைக் காட்சிகளில்தான் கைவைப்பார்கள், ஏனெனில் மாலை நேரத்துக்குத்தான் கிராக்கி. எஞ்சுவது நண்பகல் காட்சி ஒன்றும் நள்ளிரவுக் காட்சி ஒன்றும். படம் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பது இந்தக் கணக்கில் சேராது. வாய்வழிப் பாராட்டு பரவி மக்கள் புறப்படும் நேரத்தில் படம் கிளம்பிவிட்டிருக்கும். பணியில் இருந்த காலத்தில் எனக்கு மிகுந்த மனவேதனை தந்தது இதுதான். 'ஐயா, அந்தப் படம் இல்லையா?' என்று இரண்டாம் வாரத்தில் வந்து கேட்ட முதியவர்கள் எத்தனையோ பேருக்கு நான் 'இல்லை' என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகவே என் யோசனை இது. இரண்டாவது வார இறுதிக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் வாரத்தின் திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாள்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் நாள் விசிலும் கூச்சலும் அடங்கியிருக்கும், மாலைக் காட்சிகள் இன்னும் கைவிடப்படாமலிருக்கும். புதன்கிழமை பெரும்பாலான அரங்குகளில் கட்டணமும் குறைவு. அந்த வாரத்துக்கான நேரங்களை அரங்கின் செயலியில் புறப்படும் நாளன்று காலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போன வாரத்து நேரத்தை நம்பிப் போவதுதான் ஏமாற்றத்துக்கு முதற்காரணம். தாங்கள் செந்தூலில் இருப்பதால் கொமுட்டர் ரயில் வண்டியில் கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் நு சென்ட்ரல் பேரங்காடி அங்கேயே இருக்கிறது. அல்லது வண்டி மாறாமல் மிட்வேலி பேரங்காடிக்கே போய்விடலாம். இரண்டு இடங்களிலும் மின்தூக்கி உண்டு.

தவறவிட்ட படங்களுக்காக அதிகம் வருந்த வேண்டாம். 'மகாராஜா' 2024 ஜூன் 14 அன்று அரங்குக்கு வந்து, ஜூலை 12 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்துக்கு வந்துவிட்டது. சரியாக நான்கு வாரம். தமிழ்ப் படங்களுக்கு இந்த நான்கு வார இடைவெளிதான் பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் வேண்டும் என்று இந்தியாவின் பெரிய அரங்குக் குழுமங்கள் வற்புறுத்தியதால், 2023இல் 'லியோ' படத்தின் இந்தி வடிவத்தை அவை திரையிடவே இல்லை. அரங்குக்காரர்கள் இடைவெளியை இவ்வளவு வற்புறுத்துவதன் காரணத்தை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான்கு வாரத்தில் வீட்டுக்கே வரும் என்று தெரிந்தால், மூன்றாம் வாரத்தில் யாரும் படியேற மாட்டார்கள்.

பட்டர்வொர்த் வாசகர், பினாங்கு:

வணக்கம். முன்னவர் எந்த நாளில் போகலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். எந்தப் படத்துக்கு அரங்கு என்ற கேள்விக்கு நான் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் இதில் நம்மவர்களிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது.

சண்டைப் படம், பெரிய நடிகர் படம் என்றால் அரங்கு. அமைதியான சிறிய படம் என்றால் வீடு என்கிறார்கள். என் அனுபவத்தில் இது தலைகீழ். சண்டைப் படத்தை வீட்டில் பார்த்தாலும் ஓரளவு பிடிபட்டுவிடும். அடிதடி ஒலியும் இசையும் சிறிய தொலைக்காட்சியிலும் நம்மை இழுத்துப்போகும். அமைதியான படத்துக்கோ அந்த அமைதிதான் உயிர். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் முதன்முதலில் காட்டப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று அரங்குகளுக்கு வந்தது. அதில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் இரைச்சல், கட்டிவைத்த சேவலின் சத்தம், சாலையோரக் காற்று, ஏறக்குறைய வாயே திறக்காத ஒரு பெண்ணைச் சுற்றி மற்றவர்கள் பேசும் பேச்சு, இவைதாம் அந்தப் படத்தின் ஒலி. வீட்டில் மின்விசிறி சுழன்றுகொண்டு, கீழே மோட்டார்சைக்கிள் போய்க்கொண்டு, சமையலறையில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தால் அந்தப் படத்தில் பாதி காணாமற்போகும். இப்போது அதை அரங்கில் பார்க்க வழியில்லை. ஆனாலும் இரவு பத்து மணிக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, இடையில் எழுந்து போகாமல் பாருங்கள்.

தங்கள் தாயாரின் காது மந்தம் என்று எழுதியிருந்தீர்கள். அரங்கில் திரைத்துணி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இருக்கும். பேச்சொலி அந்தத் துணிக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. வாயசையும் இடத்திலிருந்தே குரலும் வருவதால் கேட்பது எளிதாகிறது. நடுப்பகுதியில், அம்மாவின் வலது காது திரையின் மையத்தை நோக்கியிருக்குமாறு சற்று இடப்புறமாக இருக்கை எடுங்கள். தொலைக்காட்சியில் பேச்சும் இசையும் ஒரே சிறிய ஒலிபெருக்கியில் கலந்து வருவதால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார்கள்.

இன்னொன்று. அரங்கில் ஓடும் படமும் பின்னர் வீட்டுக்கு வரும் படமும் ஒன்றுதான் என்று நம்பிவிட முடியாது. 'மெய்யழகன்' 2024 செப்டம்பர் 27 அன்று வெளியாகி, சில நாள்களிலேயே 18 நிமிடங்களுக்கு மேல் குறைக்கப்பட்டது. இரண்டு மனிதர்கள் ஓர் இரவு முழுவதும் பேசிக்கொண்டிருப்பதுதான் கதை. பேச்சு நீள்வதுதான் அதன் சுவை. முதல் வாரத்திலேயே பார்த்த என் தங்கை சொன்ன சில இடங்களை, பிறகு பார்த்த நான் காணவில்லை; அந்த இழப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது. நம் நாட்டுக்கே உரிய மாற்றமும் உண்டு. 2016இல் வந்த 'கபாலி', நம் மண்ணையே கதைக்களமாகக் கொண்ட படம். இங்கே ஓடிய வடிவத்தின் இறுதியில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக ஓர் அறிவிப்பு எழுத்தில் வந்தது. இந்தியாவில் பார்த்தவர்களுக்கு அது இல்லை. திரைப்படத் தணிக்கை வாரியம் உள்துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது; அதன் முத்திரை இல்லாமல் எந்தப் படமும் அரங்குக்குள் நுழையாது. வீட்டில் பார்ப்பது வேறு நாட்டு வடிவமாக இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், உறவினர்களோடு படத்தைப் பற்றிப் பேசும்போது குழப்பம் வராது.

செந்தூல் வாசகி, கோலாலம்பூர்:

ஐயா இருவருக்கும் நன்றி. துளையிட்ட திரை பற்றி அம்மாவிடம் படித்துக் காட்டினேன்; மிகவும் வியந்தார். அம்மா சிறுமியாக இருந்தபோது ரப்பர்த் தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். இடம் கிடைக்காதவர்கள் துணியின் மறுபக்கம் பாய் விரித்து உட்கார்ந்து, எல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருக்கும் படத்தைப் பார்ப்பார்களாம்.

ஒரு சிறு ஐயம். என் சிற்றப்பா மகன், அரங்கில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தையே டெலிகிராமில் அனுப்பி, 'அக்கா, இதிலேயே பாருங்கள், அம்மாவை ஏன் அலைக்கழிக்கிறீர்கள்?' என்கிறான். அன்பினால் செய்கிறான் என்று தெரிகிறது; எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

திரையரங்கில் முன்பு பணிபுரிந்தவர், பெட்டாலிங் ஜெயா:

மனம் ஒப்பாதது சரிதான், சகோதரி. அரங்கினுள் திரையைப் பதிவுசெய்வது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றம். 10,000 வெள்ளிக்குக் (ரிங்கிட்) குறையாமல் 100,000 வெள்ளிவரை அபராதமோ, ஐந்து ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முதல் நாள் காட்சியில் பெயர் போடும் இடத்தைக் கைப்பேசியில் பிடித்துப் போடும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும் என்பதை நாங்கள் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். சட்டம் ஒருபுறமிருக்க, அந்தப் பிரதியில் யாரோ ஒருவர் சட்டைப்பைக்குள் வைத்துப் பதிவுசெய்த குரல்தான் இருக்கும். காது மந்தமான ஒருவருக்கு அது வெறும் இரைச்சல். தம்பியிடம் பரிவாகச் சொல்லுங்கள்.

இரு பிள்ளைகளின் தாய், செலாயாங்:

அக்கா, தாங்கள் யாரேனும் சிறுவர்களை உடன் அழைத்துப் போவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். இந்தியாவில் 'யுஏ 16+' என்று சான்று பெற்ற படத்துக்குப் பெற்றோர் உடனிருந்தால் சிறுவர்கள் போகலாம். அது பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. இங்கே '13', '16', '18' என்று எண் இருந்தால் அதற்குக் குறைந்த வயதினரை வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள், தாயும் தந்தையும் உடன் நின்றாலும்கூட. 'பி12' என்பது மட்டும்தான் பெற்றோரோடு போகத்தக்கது. இந்தியச் சான்றை மட்டும் பார்த்துவிட்டு மூன்று சீட்டு வாங்கி, பதினொரு வயது மகனோடு வாசலில் நின்று திரும்பி வந்தேன். பணியாளர் செய்தது சரியே. நான்தான் பார்க்கத் தவறினேன். அவன் அன்று அழுத அழுகையை இன்றுவரை மறக்க முடியவில்லை.

உள்ளூர்ப் பட ஆர்வலர், ஆயர் ஈத்தாம்:

வணக்கம். இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பட்டியலில் நம் நாட்டுத் தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை என்பதை மன வருத்தத்தோடு சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

சென்னைப் படம் நான்கு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடும் என்ற உறுதி அதற்கு உண்டு; நம் படங்களுக்கு அந்த உறுதி இல்லை. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் அமைப்பின் 'வஜிப் தாயாங்' எனும் கட்டாயத் திரையிடல் திட்டம் உள்ளூர்ப் படங்களுக்காகவே இருக்கிறது. ஆனாலும் காலை பதினொரு மணிக் காட்சியில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் அந்தத் திட்டம் என்ன செய்ய முடியும்? 2015 டிசம்பரில் வந்த, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' படத்தை எத்தனை பேர் அரங்கில் பார்த்தோம்? மறு ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை அது பெற்ற பிறகுதான் பலர் அந்தப் பெயரையே கேட்டார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துப் புறம்போக்குக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களின் கதை அது. நாம் வீட்டில் பேசுகிற தமிழிலேயே, இடையிடையே மலாய்ச் சொல் விழுகிற அதே தமிழிலேயே, அதில் பேசுகிறார்கள். திடலில் பாய் விரித்துப் படம் பார்த்த தங்கள் தாயாருக்கு அந்தப் பேச்சு எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று படம் பார்த்தால் அதில் ஒன்று உள்ளூர்ப் படமாக இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். அதையும் முதல் சனி, ஞாயிறிலேயே பாருங்கள். முன்னவர் சொன்ன திங்கள், செவ்வாய் ஆலோசனை சென்னைப் படங்களுக்குப் பொருந்தும். உள்ளூர்ப் படத்துக்கோ ஞாயிறு இரவுக் கணக்கில் தங்கள் இரண்டு இருக்கைகளும் சேர்ந்தாக வேண்டும்.

திரையரங்கில் முன்பு பணிபுரிந்தவர், பெட்டாலிங் ஜெயா:

நண்பர் கூறியது முற்றிலும் உண்மை. உள்ளூர்ப் படத்துக்கு நான் அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. சிறிய படத்தில் ஒரு காட்சிக்கு இருபது பேர் கூடுதலாக வந்தாலே அடுத்த வாரம் மாலை நேரம் நிலைத்துவிடும். இதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

செந்தூல் வாசகி, கோலாலம்பூர்:

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். என்ன நடந்தது என்பதைத் தெரிவிப்பது என் கடமை.

புதன்கிழமை அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்தேன். காலையிலேயே செயலியில் நேரத்தைச் சரிபார்த்துவிட்டு, இருவரும் பசியாறிவிட்டு, கொமுட்டரில் மிட்வேலிக்குப் போனோம். அதே வாரம் வெளியான ஒரு குடும்பக் கதை. நடுவரிசையில், சற்று இடப்புறம், நடைபாதையை ஒட்டி இருக்கை எடுத்தேன். நடைபாதை ஓரம் எடுத்தது நல்லதாகப் போயிற்று. 'இடைவேளை' என்ற எழுத்து வந்து மறைந்ததும் படம் நிற்காமல் தொடர்ந்துவிட்டது. அம்மா இருட்டில் ஒருமுறை எழுந்து போய் வர வேண்டியிருந்தது. முதியவர்களை அழைத்துச் செல்வோர் இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருப்பது நல்லது.

பேச்சு அம்மாவுக்கு முக்கால்வாசி கேட்டது. கேட்காத இடங்களில் என்ன செய்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். திரையின் அடியில் ஓடும் மலாய் எழுத்துகளை உதடு அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பால்மரம் வெட்டப் போவதற்கு முன் இரண்டே ஆண்டுகள் மலாய்ப் பள்ளியில் படித்தவர். எழுத்து சற்று விரைவாக மாறும்போது என் கையைத் தொட்டு, "என்ன சொன்னான்?" என்று கேட்பார், நான் காதருகே சொல்வேன். அப்பா இருந்தபோது இந்த வேலையை அவர் செய்துகொண்டிருந்திருக்கிறார். இத்தனை ஆண்டுகள் பக்கத்து இருக்கையில் இருந்தும் எனக்கு அது தெரியாது; அவர்கள் இருவரும் படத்தின் நடுவே பேசிக்கொள்கிறார்கள் என்று சிறுவயதில் எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன்.

'கொட்டுக்காளி'யைச் சனிக்கிழமை இரவு மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் சேவலின் சத்தம் அறையின் மூலையிலிருந்து வருவதுபோல் இருந்தது. முடிந்ததும் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெண் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை, பார்த்தாயா" என்று மட்டும் சொன்னார்.

மிட்வேலியில் நுழைவுச்சீட்டு கைப்பேசியில்தான் இருந்தது. அம்மா விரும்பியதால் முகப்பில் கேட்டேன்; அந்தப் பெண் மறுக்காமல் அச்சிட்டுக் கொடுத்தாள். அதே வழுவழுப்பான தாள்தான், சில ஆண்டுகளில் வெளுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் டின்னில் போடுவதற்கு முன், பின்பக்கத்தில் படத்தின் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதினேன்.

அடுத்த மாதம் உள்ளூர்ப் படம் ஒன்று வரவிருப்பதாகக் கேள்விப்பட்டேன்; வெளியாகும் நாள் உறுதியானதும் ஆயர் ஈத்தாம் நண்பர் இங்கே தெரிவித்தால், முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு இருக்கை எடுத்துவிடுவேன். சிற்றப்பா மகனும் அவன் மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.